யாதொரு வில்லங்கமும் இல்லை

இல்லைன்னு எழுதிட்டார். என்னை ஒரு வார்த்தை கேக்கலை, தலையைக்கூடத் தூக்கலை, என் வீட்டுக்காரர் பேனா பாட்டுக்குப் போகுது. பெயர் செண்பகவல்லி, வயசு நாற்பத்தேழு, ஊர் கோவில்பட்டி, சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, இதற்கு முன் புற்றுநோய் இருந்ததா இல்லை, கதிர்வீச்சு சிகிச்சை எடுத்ததுண்டா இல்லை. எல்லா இல்லையும் ஒரே அளவு, ஒண்ணுலகூடக் கோணல் கிடையாது. முப்பது வருஷமாப் பத்திரம் எழுதுற கை, அப்படித்தான் இருக்கும். எழுதி முடிச்சுட்டுப் பார்ட்டிகளுக்கு வாசிச்சுக் காட்டுற குரல்ல எனக்கு வாசிக்க ஆரம்பிச்சுட்டார். இவர் ஆபீஸ்ல அது சட்டம். படிச்சவங்களோ படிக்காதவங்களோ, எழுதினதைச் சத்தமா வாசிச்சுக் காட்டி, சரிதானேன்னு கேட்டு, அவங்க வாயால சரின்னு சொன்ன பிறகுதான் கையெழுத்து. "முன்பு புற்றுநோய், இல்லை. கதிர்வீச்சு, இல்லை. சரிதானே செம்பகம்?" ஸ்கேன் சென்டர் ஹால்ல உக்காந்திருக்கிற அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிறாங்க. நான் சரின்னும் சொல்லலை, சரியில்லைன்னும் சொல்லலை. அதுக்குள்ள போன் வந்துட்டது, நாலாட்டின்புதூர் பார்ட்டி, ரெண்டு மணிக்குப் பதிவு. "திருநெல்வேலியிலதான் இருக்கேன், வந்துருவேன் வந்துருவேன்" என்று சொல்லிக்கிட்டே, உடன் வந்தவர் என்ற இடத்துல தன் கையெழுத்தைப் போட்டுட்டு, அட்டையையும் பேனாவையும் என் மடியில வச்சார். "நீயும் ஒரு தடவை வாசிச்சுட்டுப் போடு. நான் டீ வாங்கிட்டு வாரேன்." போயிட்டார். என் டோக்கன் இருபத்தேழு. இப்ப உள்ளே போயிருக்கிறது பத்தொன்பது.

இந்த இல்லை எனக்குப் புதுசா என்ன. ஒரு நாளைக்கு எட்டு பத்து தடவை அதைத்தானே டைப் அடிக்கிறேன். மேற்படி சொத்தில் யாதொரு வில்லங்கமும் இல்லை, பின்னிட்டு ஏதாவது வில்லங்கம் இருப்பதாகத் தெரியவந்தால் அதை நானே முன்னின்று தீர்த்துக் கொடுக்க உறுதி கூறுகிறேன். இவர் சொல்லவே வேண்டாம், என் விரல் தானா ஓடும். முப்பது வருஷத்து வில்லங்கம் போட்டுப் பார்க்காம இவர் ஒரு வரி எழுதமாட்டார். சொந்த அக்கா வாங்கின மனைக்கே போட்டுப் பார்த்தார், அக்கா ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசலை. எங்க மக நிவேதா ஸ்கூல்ல படிக்கும்போது லீவ் லெட்டர்ல நான் காய்ச்சலை அடிச்சுட்டு வயித்துவலின்னு எழுதினேன், அதுக்கும் "அடிச்சா பக்கத்துல கையெழுத்துப் போடணும், இல்லாட்டி செல்லாது"ன்னு திருப்பிக் கொடுத்தவர். அப்பேர்ப்பட்ட மனுஷன் என்னை மட்டும் ஒண்ணுமே பார்க்காமக் கட்டிக்கிட்டார். பொண்ணு பார்க்க வந்தப்ப அத்தைதான், இவர் அம்மா, ரெண்டு கேள்வி கேட்டாங்க. நல்லாச் சமைப்பியா. தொண்ணூத்தெட்டுல எட்டு மாசம் மெட்ராஸ்ல என்ன செஞ்ச. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள எங்க அம்மா சொல்லிட்டா, ஆவடியில எங்க அண்ணன் வீட்ல தங்கிக் கம்ப்யூட்டர் கோர்ஸ் படிச்சா. நல்ல வேளை, சர்டிபிகேட் கேக்கலை. கல்யாணம் முடிஞ்ச மறுமாசமே இவர் டைப்ரைட்டரைத் தூக்கிக் கொடுத்துட்டு ஒரு கம்ப்யூட்டரை வாங்கி, பொட்டு வச்சு, மாலை போட்டு, ஆபீஸ்ல வச்சுட்டார். படிச்ச பொண்டாட்டி வீட்லயே இருக்காள்ல! எனக்கு அதை எங்கே அமுக்கினா உயிர் வரும்னுகூடத் தெரியாது. கோவிலுக்குன்னு சொல்லிட்டுப் பத்து நாள் ஒரு சென்டர்ல போய் உக்காந்து எழுத்தைத் தேடித் தேடித் தட்டினேன். பதினோராம் நாள் இவர் முன்னாடி ஒரு தானப் பத்திரம் அடிச்சுக் கொடுத்தேன். "மெட்ராஸ் படிப்புன்னா மெட்ராஸ் படிப்புதான்"னார். இப்ப நினைச்சாச் சிரிப்பு வருது. இந்த ஹால்ல உக்காந்து சிரிச்சாப் பைத்தியம்னு நினைப்பாங்க.

டோக்கன் இருபத்தொண்ணு. ஸ்கேன் ரூம் பொண்ணு கதவைத் திறந்து கூப்பிடுது. தொண்ணூத்தெட்டுல என் வயசும் இருபத்தொண்ணுதான். கழுத்துல ஒரு கட்டி, நெஞ்சுக்குள்ள ஒரு கட்டி, சாயங்காலமானாக் காய்ச்சல், உடம்பெல்லாம் அரிப்பு. மெட்ராஸ்ல டாக்டர் நெறிக்கட்டிப் புற்றுன்னார், லிம்போமான்னார், அம்மா முகத்தைப் பார்த்துட்டு, இது கேன்சர்லயே நல்ல கேன்சர்ம்மா, சரியாயிடும்னார். கேன்சர்ல என்னய்யா நல்லது. ஆனா சரியாச்சு, பொய் சொல்லலை அந்த மனுஷன். ஆறு மாசம் மருந்து ஏத்தினாங்க. அப்புறம் கரண்ட் வைக்கிறது, ஃபாரத்துல கதிர்வீச்சுன்னு போட்டிருக்கே அதுதான், இருபது நாள். ஊசியால மையைத் தொட்டு நெஞ்சுல மூணு புள்ளி குத்தினாங்க, தினமும் அதே இடத்துல படணும்னு. படுக்க வச்சு, புள்ளியைப் பார்த்து நேராக்கி, அசையாதீங்கன்னு சொல்லிட்டு எல்லாரும் வெளியே போயிடுவாங்க. இத்தனாம்பெரிய கதவு. அது மூடுற சத்தம் இன்னும் காதுல இருக்கு. நல்லதுக்குத்தான் வைக்கிறோம்னு சொல்லிட்டு இவங்க ஏன் வெளியே ஓடுறாங்கன்னு முதல் நாள் அம்மாகிட்டக் கேட்டேன். அம்மா, வாயை மூடுடி மூதின்னா, அப்புறம் முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா. உள்ளே ஒண்ணும் வலிக்காது. யாரும் இல்லை, அவ்வளவுதான். அந்த ரூம்ல நான் மட்டும், நான் மட்டும், இருபது நாள். அதுக்கப்புறம் எத்தனையோ பேர் நடுவுல இருந்திருக்கேன், கல்யாண மேடையில, பிரசவத்துல, பதிவு ஆபீஸ் கூட்டத்துல. அந்தக் கதவு திறந்த மாதிரியே இல்லை.

பக்கத்துல ஒரு பொண்ணு, மாசமா இருக்கு, பாட்டில் பாட்டிலாத் தண்ணி குடிச்சுட்டு ஹாலைச் சுத்திச் சுத்தி நடக்குது, முட்டினாத்தான் ஸ்கேன் தெரியுமாம். என்னைப் பார்த்து, அக்கா உங்களுக்கும் தண்ணி குடிக்கச் சொன்னாங்களான்னு கேக்குது. இல்லைம்மா, எனக்கு வேறன்னேன். என்னக்கா வேறன்னு கேட்டா என்ன சொல்றது. அறுபது நாளாச்சு. குளிக்கும்போது இடது பக்கம் மேல, அக்குளை ஒட்டி, சோப்பு ஒரு இடத்துல நின்னுச்சு. கொண்டைக்கடலை அளவு. அமுக்கினா நகரலை, வலிக்கலை. வலிச்சாப் பரவாயில்லைன்னு எங்கேயோ படிச்சிருக்கேன். கொழுப்பா இருக்கும், பால் கட்டினதா இருக்கும், எந்தக் காலத்துப் பால்டி, உன் மகளுக்கு வயசு இருபது. நாற்பது நாள் யார்கிட்டயும் மூச்சு விடலை. அப்புறம் பொறுக்கமாட்டாம இவர்கிட்ட, கொழுப்புக் கட்டி மாதிரி ஒண்ணு இருக்குன்னேன், மறுநாளே டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போயிட்டார். டாக்டரம்மா கேட்டாங்க, உங்களுக்கு முன்னால பெரிய வியாதி ஏதாவது இருந்துச்சா. இவர் முந்திக்கிட்டுச் சொல்றார், "ஒரு காய்ச்சல்னு படுத்தது கிடையாது டாக்டர், உடம்பு இரும்பு." நான் தலையை ஆட்டினேன். ஆட்டினேன் பாரு, அதை நினைச்சாத்தான் என் கன்னத்துல நானே ரெண்டு போடணும்னு வருது. டாக்டரம்மா முகம் லேசாயிட்டது. அப்படின்னாப் பயப்பட ஒண்ணும் இல்லை, மேமோகிராம் எடுத்துட்டு வாங்க, படத்துல சந்தேகமா எதுவும் தெரியலைன்னா ஆறு மாசம் கழிச்சுத் திரும்பப் பார்ப்போம். ஆறு மாசம். மெட்ராஸ் டாக்டர் அன்னிக்கே சொல்லியிருக்கார், எனக்கு ஒரு வார்த்தை மறக்கலை. நெஞ்சுல கரண்ட் வச்சிருக்கும்மா, இந்த நோய் போயிடும், ஆனா கரண்ட் பட்ட இடத்துல பின்னால வேற ஒண்ணு வர்றதுக்கு மத்தவங்களைவிட உனக்கு வாய்ப்பு ஜாஸ்தி, எட்டு வருஷம் கழிச்சு வருஷா வருஷம் மார்பைக் காட்டணும், எந்த டாக்டர்கிட்டப் போனாலும் முதல்ல இதைச் சொல்லணும். முதல்ல சொல்லணும். சொன்னா இந்த வாரமே ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்ப்பாங்க. சொல்லலைன்னா ஆறு மாசம், அதுக்குள்ள அந்தக் கொண்டைக்கடலை என்ன செய்யும், எங்கே போகும். சொன்னா இவருக்குத் தெரியும். சொல்லலைன்னா ஆறு மாசம். செக்கு மாதிரி இதையே சுத்திக்கிட்டிருக்கேன், காலையில இருந்து.

அம்மா இருந்தா அவளைக் கேட்டிருப்பேன். என்ன சொல்லியிருப்பான்னும் தெரியும். அம்மாவைப் பொய் சொல்றவன்னு சொல்லமுடியாது, பொய்யைச் சொல்லிட்டு அதை உண்மையாக்காம விடமாட்டா, அவ்வளவுதான். மருந்துல முடி பூராக் கொட்டிப்போய் நான் ஊருக்கு வந்தப்ப, திருச்செந்தூர்ல மொட்டை போட்டோம், நேர்த்திக்கடன்னு தெருவுக்கே சொல்லிட்டா. மறுவாரம் நிஜமாவே திருச்செந்தூருக்கு இழுத்துட்டுப் போய், அரை விரக்கடை முளைச்சிருந்த முடியை உக்காந்து மழிக்க வச்சா. நாவிதர் கத்தியை வச்சுக்கிட்டு, இதுல என்னம்மா எடுக்கன்னு முழிக்கிறார். முடிச்சுட்டுக் கடலுக்குப் போனோம். பையில இருந்து ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்தா. மருந்துச்சீட்டு, எவ்வளவு கரண்டு எங்கே எங்கே வச்சாங்கன்னு எழுதின தாள், எக்ஸ்ரே, எல்லாம். எனக்கு அப்ப சந்தோஷமா இருந்துச்சு, எதுக்கு மறைக்க, தொலைஞ்சதுடா சனியன்னு நானும் சேர்ந்துதான் கிழிச்சேன். தாளெல்லாம் போயிட்டது. எக்ஸ்ரே மட்டும் போகலை. அலை அதைத் தூக்கிட்டு வந்து எங்க கால்மாட்டுல போடுது, அம்மா தூக்கி எறியுறா, திரும்பக் கொண்டாந்து போடுது. மூணாவது தடவை மணல்ல பளபளன்னு கிடந்துச்சு, என் நெஞ்சு, எலும்பு எலும்பா, நடுவுல வெள்ளையா அந்தக் கட்டி. குளிக்க வந்த ஒருத்தர் குனிஞ்சு பார்க்க வந்தார். அம்மா காலால மணலைத் தள்ளி மூடிட்டு அதுமேலேயே நின்னுக்கிட்டா. யாருக்கும் தெரியக்கூடாது, கட்டிக்கப் போறவனுக்குத் தெரியவே கூடாது, என் தலைமேல அடிச்சுச் சத்தியம் பண்ணுன்னா. பண்ணினேன். அம்மா போய் நாலு வருஷமாச்சு, ஆவடி மாமா அதுக்கும் முன்னாடி. இப்ப இந்த உலகத்துல எனக்கு அந்த நோய் வந்தது தெரிஞ்ச ஒரே ஆள் நான்தான். சில நாள் எனக்கே சந்தேகமா இருக்கும், நிஜமாவே கம்ப்யூட்டர்தான் படிச்சேனோன்னு.

சந்தேகம் வந்தா ரவிக்கையை விலக்கிப் பார்ப்பேன். மூணு புள்ளி. கழுத்துக்குக் கீழ நடுவுல ஒண்ணு, ரெண்டு விலாவுலயும் ஒவ்வொண்ணு. கல்யாணமான புதுசுல இவர் கேட்டார், இது என்ன மச்சமா. ம் என்றேன். அவ்வளவுதான் நான் சொன்ன பொய், ஒரு ம். அதை இவர் வளர்த்துட்டார். நெஞ்சுல மச்சம் இருக்கிற பொண்ணு வந்தா ராசின்னு யாரோ சொல்லியிருக்காங்க, ஆபீஸ்ல கூட்டம் சேர்ந்தது அந்த ராசி, வீடு கட்டினது அந்த ராசி, மூணு வருஷம் குழந்தை இல்லாம நான் உள்ளுக்குள்ள செத்துக்கிட்டிருந்தப்ப, அந்த மருந்துலதான் கருகிப் போயிட்டதுன்னு நான் ஒருத்தியா அழுதுக்கிட்டிருந்தப்ப, "மச்சக்காரிக்குப் பிறக்காமயா போயிடும்"னு அந்த நடுப்புள்ளி மேல விரலை வச்சுச் சொன்னவர். பெரிய பதிவு இருக்கிற அன்னிக்கு இப்பவும் சட்டையை மாட்டிக்கிட்டு வந்து அதைத் தொட்டுட்டுத்தான் போவார். அம்பத்துமூணு வயசுல! எனக்குப் பிடிக்கும். ரொம்பப் பிடிக்கும், அதுதான் கஷ்டம். தொட்டது என்னைன்னு நினைப்பார், ஆனா அந்த விரலுக்கும் எனக்கும் நடுவுல அந்தக் கதவு. இருபத்துமூணு வருஷமா ஒரே கட்டில்ல படுத்திருக்கோம், இந்த மனுஷனுக்கு என்னைத் தெரியாது. வருஷா வருஷம் காட்டச் சொன்னாரே, ஏன் போகலை. போனா டாக்டர் ஏன்னு கேப்பார், கூட இவர் இருப்பார், இவர் இல்லாம எங்கே போயிருக்கேன். இந்த வருஷம் வேண்டாம், நிவேதா பரீட்சை முடியட்டும், அம்மா காரியம் முடியட்டும். பதினெட்டு வருஷத்தை இப்படி இந்த வருஷம் வேண்டாம்னு ஓட்டியிருக்கேன். இப்ப நிவேதாவுக்கு மாப்பிள்ளை கேட்டு வர்றாங்க. அம்மாக்காரிக்குச் சின்ன வயசுலயே இருந்துச்சாம், இப்பத் திரும்ப வந்துருக்காம்னு பேசுவாங்க. அப்ப நான் என்ன செய்வேன், எங்க அம்மா மாதிரி என் தலைமேல அடிச்சு அவகிட்டச் சத்தியம் வாங்குவேனா.

இருபத்தஞ்சு உள்ளே போயாச்சு. ரிசப்ஷன் பொண்ணு, அக்கா ஃபாரம் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கன்னு சத்தம் போடுது. வாசிச்சுட்டுப் போடுன்னு சொல்லிட்டுப் போனாரே, வாசிச்சேன். முன்பு புற்றுநோய் இல்லை. கையெழுத்துப் போடுற இடத்துக்கு மேல பொடி எழுத்துல, மேற்கண்டவை அனைத்தும் உண்மை. பேனா மூடியைத் திறந்துட்டேன், கை நடுங்குது. இத்தனை வருஷத்துல எத்தனை பேர் கையெழுத்துப் போடும்போது எதிர்ல உக்காந்திருக்கேன், அண்ணன்மாருக்குத் தன் பங்கை விட்டுக் கொடுத்துட்டுப் போற தங்கச்சிமார், ஒருத்தி கையும் நடுங்காம இருந்ததில்லை, ஏன் நடுங்குதுன்னு ஒருநாளும் நான் கேட்டதில்லை. பின்னிட்டு ஏதாவது வில்லங்கம் தெரியவந்தால் நானே முன்னின்று. யார் முன்னின்று? அம்மா வரமாட்டா. இந்தக் கொண்டைக்கடலை சத்தியத்துக்கெல்லாம் கட்டுப்படாது. எனக்குச் சாகப் பயமா இருக்கு. இவர் என்னைப் பார்க்கிற பார்வை மாறிடும்னும் பயமா இருக்கு. ரெண்டுல எது பெருசுன்னு இவ்வளவு நேரமா அளந்துக்கிட்டிருக்கேனே, வெட்கமா இல்லையாடி உனக்கு, வாழணும்டி, நீ வாழணும். அடிச்சேன். முதல் இல்லையை ஒரு கோடு, ரெண்டாவது இல்லையை ஒரு கோடு. இவர் எழுத்தை நான் அடிச்சது இதுதான் முதல் தடவை. பக்கத்துல என் கோழிக்கிறுக்கல்ல எழுதினேன். இருந்தது. 1998. லிம்போமா. கழுத்து, நெஞ்சு. கதிர்வீச்சு இருபது நாள், மெட்ராஸ். கீழ கையெழுத்தும் போட்டுட்டேன்.

நிமிர்ந்தா இவர் ரெண்டு கையிலயும் டீக் கப்போட நிக்கிறார். "என்ன அதுக்குள்ள அடிச்சுத் திருத்தியிருக்க? வயசைத் தப்பா எழுதிட்டேனா?" ரெண்டு கையிலயும் சூடான கப்பு, அட்டையை வாங்கிப் பார்க்க அவருக்கு முடியலை. ஃபாரத்தை ரிசப்ஷன்ல கொடுத்துட்டு ஓடிடலாமான்னு இருந்துச்சு. ஆனா இவர் சட்டம் எனக்குத் தெரியுமே. நான் வாசிச்சேன். சத்தமாத்தான், ஹால்ல கேக்கிற மாதிரி. "முன்பு புற்றுநோய், இருந்தது. தொண்ணூத்தெட்டுல. கதிர்வீச்சு, எடுத்துக்கிட்டேன், இருபது நாள்." சரிதானேன்னு கேக்க வாய் வரலை. தண்ணி குடிச்சு நடந்துக்கிட்டிருந்த பொண்ணு அப்படியே நின்னுட்டது. இவர் டீயைக் கீழ வச்சார், ஒண்ணு சாய்ஞ்சு கொட்டுச்சு, அதைப் பார்க்கலை. அட்டையை வாங்கினார். வரிக்கு வரி விரலை வச்சு வாசிக்கிறார், உதடு அசையுது, சத்தம் வரலை. "மெட்ராஸ்"னார். "அந்த மச்சம்..." என்று ஆரம்பிச்சு என் கழுத்துக்குக் கீழ பார்த்தார், உடனே பார்வையை எடுத்துக்கிட்டார். டோக்கன் இருபத்தேழு, இருபத்தேழு யாரு, ஸ்கேன் ரூம் பொண்ணு வந்து ஃபாரத்துக்குக் கையை நீட்டுது. "இரும்மா"ன்னார் அதுகிட்ட. என் மடியில கிடந்த பேனாவை எடுத்து என் கையில கொடுத்தார். குரல் அவர் குரல் மாதிரியே இல்லை. "ரெண்டு இடத்துல அடிச்சிருக்க. ரெண்டு இடத்துலயும் பக்கத்துல கையெழுத்துப் போடு." போட்டேன். அட்டையை அவரே பிடிச்சுக்கிட்டார். அப்புறம் என்கிட்ட இருந்து பேனாவை வாங்கி, உடன் வந்தவர்னு முன்னால போட்டிருந்த கையெழுத்துக்குக் கீழ திரும்ப ஒரு கையெழுத்துப் போட்டு, தேதி போட்டார். என் முகத்தைப் பார்க்கலை. ஃபாரத்தை அந்தப் பொண்ணுகிட்டக் கொடுத்துட்டு, கொட்டின டீ பக்கத்துல அப்படியே உக்காந்துட்டார்.

உள்ளே குளிரு. ரவிக்கையைக் கழட்டிட்டு அந்த மெஷின் முன்னால நிக்கச் சொன்னாங்க. நான் திரும்பி வரும்போது அந்த நாற்காலியில இவர் இருப்பாரா, நாலாட்டின்புதூர் பார்ட்டி கூப்பிடுதுன்னு கிளம்பியிருப்பாரா, இருந்தா என்ன கேப்பார், எதுவும் தெரியலை. அந்தப் பொண்ணு என் தோளைப் பிடிச்சுத் திருப்பி, கையைத் தூக்கி வச்சு, சில்லுன்னு இருக்கும்க்கா, பொறுத்துக்கோங்க என்றது. மூச்சைப் பிடிச்சுக்கோங்க, அசையாதீங்க, நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போயிடறேன். போறதுக்கு முன்னால நெஞ்சுல இருந்த நடுப்புள்ளியைப் பார்த்துட்டு, "இது மச்சமாக்கா?" என்று கேட்டது.

"இல்லைம்மா" என்றேன். "ஃபாரத்துல எழுதியிருக்கேன், பாரு."